மனதில் நிறைவு வந்தால் கையில் நிறைவு வருமா, கையில் வந்தால்தான் மனதில் வருமா?

#1 மாலைவெயில்

எல்லோருக்கும் வணக்கம். அபண்டன்ஸ் மைண்ட்செட் என்று சொல்கிறார்களே, எல்லோருக்கும் போதுமான அளவு உண்டு, எனக்கும் வரும் என்று நம்புகிற நிறைவு மனநிலை, அதைப் பற்றி மனம் விட்டுப் பேச வேண்டும் என்று பல நாளாக நினைத்து இன்றுதான் எழுதுகிறேன்.

நான் தனியாக வேலை எடுத்துச் செய்பவன். புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு. பதினொரு வருடமாக இதுதான் தொழில். ஆரம்பித்த நாளை விட வருமானம் நன்றாகவே கூடியிருக்கிறது. கடன் கிடையாது. ஆனாலும் போன் அடித்தால் இன்னமும் அடிவயிறு பகீர் என்கிறது. "முடியுமா?" என்று எதிர்முனையில் கேட்டு முடிப்பதற்குள் "முடியும்" என்று சொல்லிவிடுகிறேன். இதை விட்டால் அடுத்தது வராது என்று ஒரு பயம்.

போன மாதம் ஒரு நாள், ராத்திரி ஒன்பதரை இருக்கும். மகள் தான் வரைந்த படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். நான் போனில் ஐந்தாவது வேலைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒரு விரலைத் தூக்கி "ஒரு நிமிஷம்" என்று காட்டினேன். பேசி முடித்துத் திரும்பினால் படம் மேசைமேல் கிடந்தது. அவள் தூங்கப் போய்விட்டாள். அந்த ஐந்தாவது வேலையின் அவசரத்தில், நான்காவது வேலை கொடுத்தவருக்குத் திருத்தம் போடாத பழைய கோப்பை அனுப்பிவிட்டேன். அது அப்படியே அச்சுக்குப் போய்விட்டது. அவர் சத்தம் போடவில்லை. அதன் பிறகு அழைக்கவும் இல்லை.

இந்த மனநிலையைப் பற்றிய காணொளிகளில் சொன்னபடி இரண்டு மாதம், காலையில் கண் விழித்ததும் "பணம் என்னைத் தேடி வருகிறது, எனக்குக் குறைவே இல்லை" என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு குரல் "பொய்" என்றது. அப்புறம் விட்டுவிட்டேன்.

இந்த மனநிலை என்பது உண்மையில் வளர்த்துக்கொள்ளக் கூடியதா? யாராவது மாறியிருக்கிறீர்களா? எப்படி மாறினீர்கள்?

#2 கணக்குநோட்டு

மாலைவெயில், நீங்கள் கடைசியில் கேட்டதைவிட நடுவில் சொன்னதுதான் முக்கியமானது. ஐந்தாவது வேலையின் பயத்தில் நான்காவது வேலை கெட்டது. உங்களுக்குக் கவனம் போதாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. பற்றாக்குறை மனிதனை இப்படித்தான் ஆக்கும்.

2013-இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை சோதித்தார்கள். கேட்டது பணத்தைப் பற்றி அல்ல; வடிவங்களைப் பார்த்து விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கிற மாதிரியான புதிர்கள். கரும்புக்காரருக்கு வருமானம் வருடத்தில் ஒரு முறை மொத்தமாக வரும். அறுவடைக்கு முந்தைய மாதங்களில் கை வறண்டு கிடக்கும். அதே ஆள், அதே மூளை. கை வறண்டிருந்தபோது மோசமாகவும், பணம் வந்த பிறகு நன்றாகவும் செய்தார். இந்த ஆய்வின் புள்ளிவிவரத்தை மற்ற ஆய்வாளர்கள் கேள்வி கேட்டதும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தலைக்குள் ஒரு கவலை இடத்தை அடைத்துக்கொண்டால் மற்றவற்றுக்கு இடம் குறைகிறது என்பதை யாரும் தன் வாழ்க்கையிலேயே பார்க்கலாம்.

அதற்கும் முன்னால், 1944-இலும் 45-இலும் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆண்களை, அவர்களின் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்தார். போர் முடிந்ததும் பட்டினியில் கிடப்பவர்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ள நடந்த சோதனை அது. உடல் மெலிந்தது எதிர்பார்த்ததுதான். அதோடு, அதுவரை சமையல் பக்கமே போகாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். பேச்செல்லாம் சாப்பாட்டைச் சுற்றியே வந்தது. எது குறைகிறதோ அது மனதைப் பிடித்துக்கொள்கிறது.

என் கருத்து இதுதான்: நிறைவு மனநிலைக்கு முன்னால் ஒரு மிச்சம் வேண்டும். கொஞ்சம் பணம், கொஞ்சம் நேரம், எதற்கும் ஒதுக்காமல் கிடக்க வேண்டும். அது இல்லாதபோது மனதைப் பார்த்து "தாராளமாக இரு" என்றால் அது கேட்காது.

#3 தென்றல்77

கணக்குநோட்டு அண்ணா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் வாயால் சொல்லிக்கொள்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். வேலை போய் ஐந்து மாதம் வீட்டில் இருந்தேன். கண்ணாடி பார்க்கவே பிடிக்காது. அப்போது தினமும் காலையில் "என்னால் ஒரு வேலையை நன்றாகச் செய்ய முடியும், செய்திருக்கிறேன்" என்று நோட்டில் எழுதுவேன். அந்த ஒரு வரிதான் என்னைக் குளிக்க வைத்தது, உடை மாற்ற வைத்தது, விண்ணப்பம் எழுத உட்கார வைத்தது. அது பொய்யாக இருந்திருந்தால் வேலை செய்திருக்காது.

#4 கணக்குநோட்டு

தென்றல், உங்கள் வரியையும் மாலைவெயில் சொன்ன வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "பணம் என்னைத் தேடி வருகிறது" என்பது நடக்காததை நடந்துவிட்டதாகச் சொல்வது. "செய்திருக்கிறேன்" என்பது நடந்தது. அதற்குச் சாட்சி நீங்களேதான்.

காப்ரியேல எட்டிங்கன் என்ற உளவியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். படிப்பு முடிந்து வேலை தேடுகிறவர்களை அவர் தொடர்ந்து கவனித்தார். 2002-இல் முடிவு வெளியானது. நல்ல வேலை கிடைத்துவிட்டது போல இனிமையாகக் கற்பனை செய்து மகிழ்ந்தவர்கள், இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் குறைவாகவே விண்ணப்பித்திருந்தார்கள், அவர்களுக்கு வந்த வாய்ப்புகளும் சம்பளமும் குறைவு. "எனக்குக் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது" என்று, முன்பு செய்ததை வைத்து எதிர்பார்த்தவர்களுக்கு நேர்மாறு. கற்பனையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டால் நடக்க வேண்டும் என்று கால்களுக்குத் தோன்றுவதில்லை.

ஆகவே உங்கள் நோட்டு சரியான நோட்டு. விடாதீர்கள்.

#5 இருகரை

இந்த இழையைப் படிக்கப் படிக்க எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் யார் மேலும் இல்லை. இந்தப் பேச்சின் மேல்.

எனக்கு நான்கு இடத்தில் கடன். போன வருடம் தவணைத் தேதி இரண்டு நாள் தவறியது. தாமதக் கட்டணம் போட்டார்கள். அதைக் கட்ட இன்னொரு இடத்தில் வாங்கினேன். அங்கே மாதம் 3 சதவீதம். கேட்கும்போது மூன்று என்பது சின்ன எண். கட்டாமல் விட்டு வட்டிக்கு வட்டி ஏறினால் வருடத்தில் 42 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று பிறகு உட்கார்ந்து போட்டுப் பார்த்தபோது கை நடுங்கியது. இந்த நிலையில் ஒருவனைப் பிடித்து உன் மனநிலையை மாற்று, பணம் பெருகும் என்றால் என்ன சொல்வது? குறை என் மனதில் இல்லை. என் கையில் இருக்கிறது.

"போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று சொல்வார்கள். போதுமான அளவு உள்ளவன் சொன்னால் அது அழகு. இல்லாதவனைப் பார்த்துச் சொன்னால் வாயை மூடு என்று அர்த்தம்.

#6 கணக்குநோட்டு

இருகரை, உங்கள் கோபம் நியாயம். கையில் இல்லாததை மனதின் குற்றமாக்குகிற பேச்சு எனக்கும் பிடிக்காது. சம்பளம் குறைவாகக் கொடுப்பவரையும் அநியாய வட்டி வாங்குபவரையும் விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவரிடம் போய் "நீ சரியாக நினைக்கவில்லை" என்பது கொடுமை.

இருந்தாலும் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். இது உங்களைத் திருத்துவதற்காக அல்ல. நானும் அந்தக் கரையில் நின்றவன் என்பதால்.

மார்ஷ்மெல்லோ சோதனை கேள்விப்பட்டிருப்பீர்கள். குழந்தை முன்னால் ஒரு மிட்டாய் வைத்து, காத்திருந்தால் இரண்டாவது தருவேன் என்பார்கள். காத்திருக்கிற குழந்தைக்கு மனக்கட்டுப்பாடு அதிகம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளை வைத்து இதையே கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள்; முடிவு 2013-இல் வெளியானது. பாதிக் குழந்தைகளிடம், முதலில் "நல்ல வண்ணக்குச்சி கொண்டு வருகிறேன்" என்று சொல்லிப் போன பெரியவர் வெறுங்கையோடு வந்தார். மறுபாதியிடம் சொன்னபடி கொண்டு வந்தார். அப்புறம்தான் மிட்டாய். ஏமாந்த குழந்தைகள் சராசரியாக 3 நிமிடம் காத்திருந்தார்கள். வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் 12 நிமிடம்.

இதைப் படித்த அன்று எனக்குள் ஏதோ இறங்கியது. என் மனம் அவசரப்பட்டதற்குக் காரணம் அது பலவீனமானது என்பதல்ல. அதற்கு வாக்குக் கொடுத்த யாரும் காப்பாற்றவில்லை, நானும் சேர்த்துத்தான். "அடுத்த மாதம் சேமிக்கிறேன்" என்று எத்தனை முறை அதனிடம் சொல்லியிருப்பேன்!

நான் செய்தது இதுதான். எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதினேன்: யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி. எழுதி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. நடுவில் இரண்டு முறை எழுந்து வெளியே போய்விட்டேன். தலைக்குள் இருந்தவரை அது மலை மாதிரி இருந்தது. தாளில் பன்னிரண்டு வரிதான். வட்டி அதிகமானதை முதலில் அடைப்பதுதான் கணக்குப்படி லாபம். நான் அப்படிச் செய்யவில்லை. ஆகச் சின்னதை முதலில் அடைத்தேன், ஏனென்றால் ஒரு வரியின் மேல் கோடு இழுத்துப் பார்க்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. உங்கள் 3 சதவீதத்தைப் போல ஒன்று இருந்திருந்தால் அதைத்தான் முதலில் பிடித்திருப்பேன்.

கூடவே, கடன் இருக்கும்போதே, ஒரு வாரச் செலவுக்கான தொகையைச் சிறுகச் சிறுகத் தனியாக ஒதுக்கினேன். கடன் வைத்துக்கொண்டு சேமிப்பதா என்று வீட்டில் சண்டை. ஆனால் அந்தச் சின்ன மிச்சம்தான் அடுத்த தவணைத் தேதி தவறாமல் காத்தது, புதுக் கடனுக்குள் போகாமல் நிறுத்தியது. அன்று முதல் என் மனம் என்னை லேசாக நம்ப ஆரம்பித்தது என்று சொல்வேன்.

#7 இருகரை

தாள் எடுத்து வைத்திருக்கிறேன். இன்று ராத்திரி எழுதுகிறேன்.

#8 பவளமல்லி

நான் ஓய்வு பெற்றவள். இத்தனை பேரும் இல்லாமையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் இருப்பதைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் மிச்சம் இருந்தால் மட்டும் போதும் என்று இந்த இழை முடிந்துவிடக் கூடாது.

என் அலமாரியில் கீழ்த்தட்டு ஒன்று உண்டு. பிரிக்காத போர்வைகள், உறை கிழிக்காத பேனாப் பெட்டி, எனக்குப் பரிசாக வந்த கைக்கடிகாரம். எல்லாம் "நல்ல நாளுக்கு" என்று எடுத்து வைத்தது. சிறு வயதில் வீட்டில் ஒன்றுமே இல்லை. பென்சில் விரலுக்குள் மறையும் வரை எழுதுவோம். அந்த நாள் போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்கப்புறம் சம்பளம் வந்தது, ஓய்வூதியம் வருகிறது, வீடு சொந்தம். ஆனால் கை அந்தத் தட்டுப் பக்கம் போனால் பின்னால் இழுக்கிறது.

என் கணவருக்குக் கடல் பார்க்கிற மாதிரி ஓர் அறையில் பத்து நாள் தங்க வேண்டும் என்று ஆசை. வருடா வருடம் கேட்பார். வருடா வருடம் "பார்க்கலாம், இந்த வருடம் வேண்டாம்" என்பேன். பணம் இருந்தது. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. அந்தப் பத்து நாளுக்கு எடுத்து வைத்த தொகை இன்னும் கணக்கில் அப்படியே இருக்கிறது, வட்டியோடு.

கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் எழுதியது, இழப்பின் வலி அதே அளவு ஆதாயத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்று. பின்னர் அவர்களே அது ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கணக்கிட்டார்கள். சிறு வயதில் வெறுங்கையைப் பார்த்தவர்களுக்கு அது இன்னும் எத்தனை மடங்கோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கணக்குநோட்டு தம்பி, மிச்சம் சேர்ப்பதற்கு நீ சொன்னது சரி. சேர்ந்த பிறகு அது எதற்கு என்று முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் அது வெறும் எண்ணாக நின்றுவிடும். எவ்வளவு வந்தால் போதும் என்று ஒரு தொகையையும், அதற்கு மேல் வந்தால் எதற்கு, யாருக்கு என்பதையும் பணம் வருவதற்கு முன்பே எழுதி வையுங்கள். வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் பேனா நகராது.

#9 வடதிசை

அம்மா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

"போதும்" என்பது தானாக வராது என்பதற்கு ஒரு செய்தி. 1930-இல் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ், இன்னும் நூறு வருடத்தில் மனிதர்கள் வாரத்துக்கு 15 மணி நேரம் வேலை செய்தால் போதும் என்று எழுதினார். உற்பத்தி பெருகும் என்று அவர் சொன்னது பணக்கார நாடுகளில் நடந்தது. பெருகியதை ஓய்வாக மாற்றிக்கொள்வோம் என்றதுதான் நடக்கவில்லை. வருமானம் ஒரு படி ஏறினால் தேவைகளும் ஒரு படி ஏறி நின்றன. 1978-இல் வெளியான ஓர் ஆய்வில், லாட்டரியில் பெரிய தொகை விழுந்த 22 பேரைப் பார்த்தபோதும், பரிசு விழாதவர்களைவிட அவர்கள் குறிப்பிடும்படி அதிக மகிழ்ச்சியில் இல்லை. சிறிய ஆய்வுதான்.

#10 கடிகாரமுள்

பணத்தை விட்டு நேரத்துக்கு வரலாமா? மாலைவெயிலின் உண்மையான வறட்சி நேரத்தில்தான் என்று எனக்குப் படுகிறது.

என் வேலை அட்டவணை போடுவது. எந்த இயந்திரம் எப்போது எந்த வேலையைச் செய்யும் என்று பிரித்துக் கொடுப்பேன். இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் முதலில் செய்யும் தவறு, எந்த இயந்திரமும் சும்மா நிற்கக் கூடாது என்று நினைப்பது. நானும் செய்தேன்.

வரிசைக் கணக்கு என்று ஒன்று உண்டு. வேலைகள் சொல்லிக்கொள்ளாமல் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் பிடிக்கிற நேரம் முன்பின்னாக இருக்கிறது, செய்வது ஒரே ஆள். அந்த ஆள் தன் நேரத்தில் பாதி மட்டும் வேலையில் இருந்தால், புதிதாக வரும் வேலை சராசரியாக ஒரு வேலை முடியும் நேரம் காத்திருக்கும். 80 சதவீதம் நிரம்பியிருந்தால் 4 வேலை முடியும் நேரம். 90 என்றால் 9. 95 என்றால் 19. கடைசி ஐந்து சதவீதத்தை நிரப்பியதற்கு, காத்திருப்பு இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடுகிறது பாருங்கள். நூறு சதவீதம் நிரப்பினால் வரிசை முடிவதே இல்லை.

மாலைவெயில், நீங்கள் நூறில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் மகள் அந்த வரிசையின் கடைசியில் நின்றாள்.

அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் ஒரு மருத்துவமனை. 32 அறுவை அரங்குகள், எல்லாமே முன்பதிவில் நிரம்பியவை. அவசரமாக ஒரு நோயாளி வந்தால் ஏற்கெனவே குறித்த ஒன்றைத் தள்ள வேண்டும். அது இன்னொன்றைத் தள்ளும். மருத்துவர்கள் நடுராத்திரி வரை நிற்பார்கள். ஆலோசனை சொல்ல வந்தவர் ஓர் அரங்கைக் காலியாக வையுங்கள் என்றார். இருப்பதே போதவில்லை, அதிலும் ஒன்றைக் காலியாகப் போடுவதா என்று எல்லோருக்கும் திகைப்பு. வைத்துப் பார்த்தார்கள். எதிர்பாராமல் வந்தவை எல்லாம் அந்த அரங்குக்குப் போயின. மற்ற 31-உம் குறித்தபடி ஓடின. மொத்த அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை கூடியது.

இன்னொன்று, நம் மதிப்பீட்டை நாமே நம்பக் கூடாது. 1994-இல் வெளியான ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். ஆக, எல்லாம் கெட்டாலும் இவ்வளவுதான் என்று நாம் நினைப்பதும் போதாது. நான் எந்த வேலைக்கும், கடைசியாக அதே மாதிரி வேலைக்கு நிஜத்தில் எத்தனை நாள் பிடித்தது என்று பழைய பதிவைப் பார்த்துத்தான் தேதி சொல்வேன்.

வாரத்தில் ஓர் அரை நாளைக் காலியாக வையுங்கள். அதில் வேலை வராவிட்டால் சும்மா இருங்கள்.

#11 மாலைவெயில்

கடிகாரமுள், "வரிசையின் கடைசியில் நின்றாள்" என்ற வரியைத் தாண்டி வெகுநேரம் படிக்க முடியவில்லை. நன்றி.

ஒரு சந்தேகம். அரை நாள் காலி வைத்தால் அந்த அரை நாள் வருமானம் போகுமே? தனியாள் தொழிலில் போனது போனதுதான்.

#12 கடிகாரமுள்

திருத்தம் இல்லாமல் அச்சான அந்தப் புத்தகத்தால் நீங்கள் இழந்தது எவ்வளவு என்று யோசியுங்கள். அந்த நான்காவது வேலை கொடுத்தவர் வருடத்துக்கு எத்தனை வேலை தந்துகொண்டிருந்தார்?

#13 மாலைவெயில்

ஏழு, எட்டு. புரிகிறது.

#14 உளிச்சத்தம்

வேலையிடத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. அங்கேதான் நான் அதிகம் சறுக்கினேன்.

எங்கள் நிறுவனத்தில் ஒரு பழைய மென்பொருள் பகுதி உண்டு. அதன் உள்விவரம் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தேன். புதிதாக வந்த பையன் இரண்டு முறை கேட்டான். "அது சிக்கல், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். சொல்லிக் கொடுத்துவிட்டால் என்னை எதற்கு வைத்துக்கொள்வார்கள் என்று பயம். ஆறு வருடம் அந்த ரகசியத்தைக் கட்டிக் காத்தேன். பலன்: ஆறு வருடம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். புதுத் திட்டம் வரும்போதெல்லாம் "இவரை அங்கிருந்து எடுக்க முடியாது" என்று மேலாளர் வேறு ஆளைப் போட்டார். அப்பா மருத்துவமனையில் இருந்தபோது அவர் கட்டில் ஓரத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்து அந்தப் பகுதியைச் சரிசெய்தேன். அப்பா திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று முடிவு செய்தேன்.

இரண்டு மாதம், தினமும் நாற்பது நிமிடம், அந்தப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். அவன் மூன்றாவது வாரமே, நான் ஆறு வருடமாகச் சுற்றி வளைத்துச் செய்துகொண்டிருந்த ஒன்றை நேர்வழியில் செய்து காட்டினான்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எல்லாமே பெருகும் பொருள் இல்லை. பதவி ஒன்று, ஆள் மூன்று என்றால் ஒருவருக்குத்தான் கிடைக்கும். அங்கே "எல்லோருக்கும் இடம் உண்டு" என்பது உண்மை அல்ல. அறிவும் நல்ல பெயரும் அறிமுகமும் கொடுக்கக் கொடுக்கக் குறையாதவை. பணமும் பதவியும் நேரமும் குறைபவை. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதிப் பயம் போகிறது.

#15 தென்றல்77

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் பெண்களுக்கு இது அதிகம் நடக்கிறது. தாராள மனம் என்ற பெயரில் கூலியைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். "உங்களுக்கு மனசு பெரிது, இதை மட்டும் சேர்த்துச் செய்து கொடுத்துவிடுங்கள்" என்பார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். நான் இப்போது இலவசமாகச் செய்வதற்கு மாதத்தில் நான்கு மணி நேரம் என்று குறித்து வைத்திருக்கிறேன். அந்த நான்கு மணி நேரத்தை முழு மனதோடு கொடுக்கிறேன். ஐந்தாவது மணிக்குக் கட்டணம் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்ல எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

#16 கடிகாரமுள்

தென்றல் சொன்னதற்குப் பொருத்தமாக ஒன்று: 2012-இல் வந்த ஓர் ஆய்வில், கிடைத்த நேரத்தைத் தனக்கே செலவிட்டவர்களைவிட, அடுத்தவருக்கு உதவியவர்கள் தங்களிடம் நேரம் அதிகம் இருப்பதாக உணர்ந்தார்கள். கடிகாரத்தில் நேரம் கூடவில்லை. தன்னால் ஒரு காரியம் முடிந்தது என்ற உணர்வுதான் அப்படிக் காட்டுகிறது என்றார்கள். அளவு வைத்துக் கொடுத்தால் இது நடக்கும். உறிஞ்சிக்கொண்டே போனால் நடக்காது என்பது என் அனுபவம்.

#17 பவளமல்லி

இன்று கீழ்த்தட்டிலிருந்து கைக்கடிகாரத்தை எடுத்தேன். மின்கலம் செத்துப்போயிருந்தது. மாற்றிக் கட்டிக்கொண்டேன். மணிக்கட்டில் கனமாக இருக்கிறது, பழகவில்லை.

#18 இருகரை

தாள் எழுதி ஐந்து வாரம் ஆகிறது. நான்கு இடம் என்று நினைத்திருந்தேன். எழுதியபோது ஐந்து வந்தது. தெரிந்தவர் ஒருவரிடம் வாங்கியதை மனம் வசதியாக மறந்திருக்கிறது. அவரிடம் நேரில் போய், மாதா மாதம் இவ்வளவு தருகிறேன் என்று தேதி சொல்லிவிட்டு வந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நீ வராமல் இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது" என்றார்.

3 சதவீதக்காரரிடம் பேசித் தவணைத் தேதியை என் சம்பளம் வரும் நாளுக்கு இரண்டு நாள் பின்னால் மாற்றினேன். இத்தனை நாள் அது சம்பளத்துக்கு மூன்று நாள் முன்னால் இருந்தது. தாமதக் கட்டணத்தின் பாதி இந்த மூன்று நாளால் வந்தது என்று இப்போது தெரிகிறது. கேட்டிருந்தால் முன்பே மாற்றியிருப்பார்கள். கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. தலைக்குள் இடம் இல்லை என்று கணக்குநோட்டு சொன்னது இதுதானோ என்னவோ.

மிச்சம் மூன்று நாள் செலவுக்கு வந்திருக்கிறது. கடன் கடனாகத்தான் இருக்கிறது. ராத்திரி தூங்குகிறேன்.

#19 மாலைவெயில்

ஏழு வாரம் கழித்து வருகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

புதன்கிழமை மதியத்துக்கு மேல் காலி என்று முடிவு செய்தேன். முதல் புதன் மோசம். சும்மா உட்கார முடியாமல் மேசையைத் துடைத்தேன், கோப்புகளை அடுக்கினேன், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போனைப் பார்த்தேன். இரண்டாவது புதன் ஒரு பதிப்பகத்திலிருந்து அவசரத் திருத்தம் வந்தது. பழைய நாளாக இருந்தால் ராத்திரி இரண்டு மணிவரை இழுத்திருக்கும். அந்த மதியத்திலேயே முடிந்தது, தவறு இல்லாமல்.

மூன்றாவது வாரம் ஒரு வேலையை முதல் முறையாக "இப்போது முடியாது" என்றேன். இதே தொழிலில் இருக்கும் இன்னொருவரின் எண்ணைக் கொடுத்தேன். அதற்கப்புறம் இரண்டு நாள் புது வேலை எதுவும் வரவில்லை. அந்த இரண்டு நாளும் செய்தது தப்போ என்று மனம் அரித்தது. மூன்றாம் நாள் வந்தது. நான் எண் கொடுத்தவர் இதுவரை எனக்கு ஒன்றும் அனுப்பவில்லை. நன்றி என்று மட்டும் செய்தி போட்டார். அனுப்புவார் என்று எதிர்பார்த்துக் கொடுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், முழுக்க உண்மையா என்று தெரியவில்லை.

பழைய கோப்பு அனுப்பிய அந்த மனிதரிடம் பேசினேன். தவறு என்னுடையது, மறுபதிப்பு போடும்போது பக்கங்களைக் கூலி இல்லாமல் சரிசெய்து தருகிறேன் என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான்.

போன புதன், மேசை இழுப்பறையில் அந்தப் படம் கிடைத்தது. அன்று ராத்திரி மகள் விட்டுப்போனது. ஒரு நாற்காலி, அதன் பின்னால் சாம்பல் நிறத்தில் வட்டமாக ஏதோ ஒன்று. பாறை என்று நினைத்தேன். "இது என்ன?" என்று கேட்டேன். "நீங்கதான்ப்பா, உங்க முதுகு" என்றாள். முகம் தெரிகிற மாதிரி ஒன்று வரையேன் என்றேன். அதற்கு நான் அசையாமல் உட்கார வேண்டுமாம். அரை மணி நேரம் உட்கார்ந்தேன். கண் வரைந்திருக்கிறாள், ஒரு காது வரைந்திருக்கிறாள். மீதி அடுத்த புதன். மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.